பனிப்புயல் பொய்க்கும்போது: பனிப்பொழிவுக்காகக் காத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓர் அடி பனி விழும் என்று தொடங்கிய முன்னறிவிப்பு, நாளுக்கு நாள் சுருங்கி எட்டு அங்குலமாகி, மூன்று அங்குலமாகி, கடைசியில் மழையும் ஈரத்தரையுமாக முடிந்துவிடுவது உண்டு. பனியை நேசிப்பவருக்கு அப்போது ஏற்படும் ஏமாற்றத்தைச் சொல்லிக்கொள்ளக்கூடப் பெரும்பாலும் ஆள் கிடைப்பதில்லை. அவரைச் சுற்றியிருக்கும் எல்லோரும் அதே செய்தியை நிம்மதிப் பெருமூச்சுடன் வரவேற்றுக்கொண்டிருப்பார்கள். சாலை வழுக்காது, மின்சாரம் போகாது, வேலைக்குப் போவதில் தடையில்லை என்று அவர்கள் மகிழ்வது நியாயமே. அதற்காக, பல மாதங்களாக ஒரு வெண்மையான காலைக்காகக் காத்திருந்தவரின் வருத்தம் சிறுபிள்ளைத்தனம் ஆகிவிடாது. இந்த வழிகாட்டி அவருக்காக எழுதப்படுகிறது.

ஏமாற்றத்தின் பெரும்பகுதி புயல் பொய்த்த நாளில் உருவாவதில்லை, அதற்கு முந்தைய ஒரு வாரத்தில் நாம் எதை, எப்போது, எப்படிப் படித்தோம் என்பதிலேயே உருவாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. வானத்தை நம்மால் மாற்ற முடியாது. படிக்கும் முறையை மாற்ற முடியும். ஆகவே இதில் பெரும்பகுதி புயலுக்கு முந்தைய நாட்களைப் பற்றியே பேசுகிறது.

எத்தனை நாள் முன்பு எதை நம்புவது

புயலுக்குப் பத்து நாட்களோ அதற்கு மேலோ இருக்கும்போது கண்ணில் படும் பனி அளவு வரைபடங்களைப் பார்க்காமல் இருப்பதே நல்லது. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் வானிலை மாதிரி (வானிலையைக் கணக்கிட்டு முன்னறிவிக்கும் கணினி நிரல்) நாள்தோறும் நான்கு முறை, யுடிசி எனப்படும் உலகப் பொது நேரப்படி 0, 6, 12, 18 மணி நிலவரங்களை அடிப்படையாகக் கொண்டு, 16 நாட்கள் வரை கணித்துத் தருகிறது. அதனால் பதினைந்தாம் நாளுக்கும் ஓர் அழகான வரைபடம் கிடைத்துவிடுகிறது. வரைபடம் கிடைக்கிறது என்பதாலேயே அதில் தகவல் இருக்கிறது என்று ஆகிவிடாது. தொடக்க நிலவரத்தில் இருக்கும் மிகச் சிறிய பிழையும் நாட்கள் செல்லச்செல்லப் பெருகி, கணிப்பை முழுவதுமாக வேறொரு திசைக்குக் கொண்டுசென்றுவிடும் என்பதை எட்வர்ட் லோரென்ஸ் 1960களின் தொடக்கத்திலேயே கணினியில் கண்டறிந்தார். இன்றைய மாதிரிகள் எவ்வளவோ மேம்பட்டிருந்தாலும் அந்த இயல்பு மாறவில்லை. பத்து நாட்களுக்கு முன்பு நியாயமாகக் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: அந்த வாரத்தில் குளிர்க்காற்று இருக்குமா, புயல்கள் வரும் பாதை நம் பகுதியை ஒட்டி இருக்குமா? எத்தனை அங்குலம் என்ற கேள்விக்கு அப்போது விடையே கிடையாது.

ஐந்து முதல் ஏழு நாட்கள் இருக்கும்போது, தனியொரு கணிப்பை விட்டுவிட்டு, என்செம்பிள் எனப்படும் குழுக் கணிப்புகளுக்குச் செல்லுங்கள். தொடக்க நிலவரத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒரே மாதிரியைப் பல முறை ஓட்டிப் பார்க்கும் முறை இது. ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்னறிவிப்பு மையத்தின் குழுவில் 51 கணிப்புகளும், ஜிஎஃப்எஸ்ஸின் குழுவில் 31 கணிப்புகளும் உள்ளன. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பெரும்பாலான தளங்கள் இந்தக் கணிப்புகளின் சராசரியை முதலில் காட்டுகின்றன. பனியை எதிர்பார்ப்பவர் அதிகம் ஏமாறும் இடம் அதுவே. புயல் கரையை ஒட்டிச் சென்றால் 14 அங்குலமும், கடலுக்குள் விலகிச் சென்றால் ஒன்றுமே இல்லாமலும் போகக்கூடிய ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். கணிப்புகளில் பாதி இப்படியும் பாதி அப்படியும் இருந்தால் சராசரி 7 அங்குலம் என்று வரும். ஆனால் 7 அங்குலம் விழும் என்று அந்தக் குழுவில் ஒரு கணிப்புகூடச் சொல்லியிருக்காது. ஆகவே சராசரியைக் கடந்து தனித்தனிக் கணிப்புகளின் பட்டியலைத் திறந்து, எத்தனை கணிப்புகள் குறிப்பிடத்தக்க பனியைக் காட்டுகின்றன, எத்தனை வெறுங்கையுடன் நிற்கின்றன என்று எண்ணுங்கள். 51இல் 12 மட்டுமே பனியைக் காட்டினால், ஏறக்குறைய நான்கில் ஒரு வாய்ப்பு என்று அதைப் புரிந்துகொள்ளுங்கள். அது நடக்காமல் போனால் முன்னறிவிப்பு தவறவில்லை, மூன்று பங்கு வாய்ப்பே நடந்தது.

மூன்று முதல் ஐந்து நாட்கள் வரையிலான காலமே மனத்தை அதிகம் அலைக்கழிக்கும். அப்போது புயலுக்கு வித்திடும் மேல்வளிமண்டல அலை (உயரக் காற்றோட்டத்தில் தோன்றும் வளைவு) பெரும்பாலும் இன்னும் பெருங்கடலுக்கு மேலே இருக்கும். வட அமெரிக்காவின் கிழக்குக் கரையைத் தாக்கும் பல புயல்களுக்கு மூலமான அலைகள் வடக்குப் பசிபிக்கிலிருந்து வருபவை. அங்கே செயற்கைக்கோள்களும் விமானங்களும் தரும் தகவல்கள் உண்டு. ஆனால், நிலத்தில் யுடிசி 0 மணிக்கும் 12 மணிக்கும் நாள்தோறும் இருமுறை ஏவப்படும் வானிலை பலூன்களின் அடர்த்தியான வலையமைப்பு கடலில் இல்லை. அந்த அலை நிலத்துக்கு மேல் வந்த பிறகு கணிப்புகள் ஒன்றை நோக்கி ஒன்று நெருங்குவதைப் பெரும்பாலும் காணலாம். பனியைத் தொடர்ந்து கவனிப்பவர்கள் அலை கரையேறும் வரை பொறுத்திருப்போம் என்று சொல்வது இதனால்தான். இந்த நாட்களில் ஒரே ஒரு கணிப்பில் வந்த மாற்றத்துக்காக மகிழவும் வேண்டாம், சோர்ந்துபோகவும் வேண்டாம். தொடர்ச்சியாக மூன்று நான்கு கணிப்புகள் ஒரே திசையில் நகர்கின்றனவா என்று பாருங்கள். நகர்ந்தால் அதற்குப் பொருள் உண்டு, முன்னும் பின்னுமாக ஆடினால் அது இரைச்சல் மட்டுமே.

நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் வந்துவிட்டால், மாதிரிகளைத் தனித்தனியாகத் துரத்துவதை நிறுத்திவிட்டு, உங்கள் பகுதிக்குப் பொறுப்பான வானிலை அலுவலகத்தின் அறிவிப்பையும், அதனுடன் முன்னறிவிப்பாளர்கள் எழுதும் விளக்கக் குறிப்பையும் படியுங்கள். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் ஒவ்வொரு அலுவலகமும் இப்படி ஒரு விவாதக் குறிப்பை நாள்தோறும் வெளியிடுகிறது. தாங்கள் எதில் உறுதியாக இருக்கிறோம், எதில் தயங்குகிறோம் என்பதை அவர்கள் அதில் மறைக்காமல் எழுதுகிறார்கள். பனியை நேசிப்பவருக்கு அதைவிட நேர்மையான வாசிப்பு கிடையாது. கடைசிப் பன்னிரண்டு மணி நேரத்தில் ராடார் படமும், வீட்டு வாசலில் உள்ள வெப்பமானியும், பக்கத்து ஊர்களின் வெப்பநிலையும் எல்லா மாதிரிகளையும்விட அதிகம் பேசும்.

இதோடு சேர்த்து ஒரு பழக்கத்தை வகுத்துக்கொள்வது அவசியம். யுடிசி 0 மணிக் கணிப்புகள் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி நள்ளிரவை ஒட்டி வெளிவருகின்றன. ஐரோப்பியக் கணிப்பு அதற்கும் பிந்தி வரும். அவற்றுக்காகக் கண்விழித்திருந்து, கெட்ட செய்தியைக் களைத்த மனத்துடன் இரவு ஒரு மணிக்குப் பெற்றுக்கொள்வதால் ஒரு துளிப் பனியும் கூடுதலாக விழப்போவதில்லை. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட 6 மணி, 18 மணிக் கணிப்புகளை விட்டுவிட்டாலும் இழப்பு ஏதும் இல்லை.

ஒற்றை எண்ணைக் கைவிடுவது

ஒருவர் முதலில் கேட்ட எண், அது எவ்வளவு ஆதாரமற்றதாக இருந்தாலும், பிந்தைய மதிப்பீடுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதை அமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974இல் எடுத்துக்காட்டினர். எட்டு நாட்களுக்கு முன்பு 20 அங்குலம் என்று ஒரு வரைபடத்தில் பார்த்தவருக்கு, இறுதியில் விழுந்த 5 அங்குலம் வெறும் இழப்பாகவே தெரிகிறது. அந்த வரைபடத்தைப் பார்க்காத அவருடைய அண்டை வீட்டார் அதே 5 அங்குலத்தை ஒரு நல்ல பனிப்பொழிவாகக் கொண்டாடுகிறார். இருவரின் முற்றத்திலும் விழுந்தது ஒரே பனி.

இதற்குச் சிறந்த முறிவு, வரைபடத்தைத் திறப்பதற்கு முன்பே உங்கள் சொந்த அளவுகோலை எழுதிவைத்துக்கொள்வது. உங்கள் ஊரின் பருவ சராசரி எவ்வளவு, கடந்த பத்தாண்டுகளில் ஒரே புயலில் ஆறு அங்குலத்துக்கு மேல் எத்தனை முறை விழுந்திருக்கிறது என்பனவற்றைத் தேடிக் குறித்துவையுங்கள். 1991 முதல் 2020 வரையிலான சராசரியின்படி வாஷிங்டனில் ஒரு முழுக் குளிர்காலத்துக்கும் சேர்த்து 14 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவே பனி விழுகிறது; நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஏறத்தாழ 30, பாஸ்டனில் 49. வாஷிங்டனில் இருப்பவருக்கு 12 அங்குலப் புயல் என்று ஒரு வரைபடம் சொன்னால், ஓர் ஆண்டு முழுவதற்கும் உரிய பனி ஒரே நாளில் விழும் என்று அது சொல்கிறது. நடக்க முடியாதது அல்ல, ஆனால் அரிது. இந்த எண் கண்முன் இருந்தால், எதிர்பார்ப்பு தானாகவே தரைக்கு இறங்கிவரும்.

இரண்டாவது, வீச்சைப் படியுங்கள். அமெரிக்க வானிலைச் சேவை, எதிர்பார்க்கப்படும் பனி அளவோடு கீழெல்லை, மேலெல்லை ஆகிய இரண்டையும் வெளியிடுகிறது. கீழெல்லை என்பது, அதைவிட அதிகமாக விழப் பத்தில் ஒன்பது வாய்ப்பு உண்டு என்ற அளவு. மேலெல்லை என்பது, அதைத் தாண்டப் பத்தில் ஒரு வாய்ப்பு மட்டுமே உள்ள அளவு. செய்திகளிலும் கைபேசிகளிலும் வேகமாகப் பரவுவது மேலெல்லைப் படம். நீங்கள் கீழெல்லையை முதலில் பாருங்கள். அது விழுந்தாலே மகிழ முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கீழெல்லை சுழியமாக இருந்தால், வெறுந்தரையைப் பார்க்கவும் மனத்தைத் தயார்செய்ய வேண்டிய புயல் அது என்று பொருள்.

மூன்றாவது, வரைபடம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். பல தளங்களின் பனி வரைபடங்கள், ஓர் அங்குல நீர் பத்து அங்குலப் பனியாகும் என்ற ஒரே விகிதத்தை எல்லா இடத்துக்கும் பொருத்துகின்றன. உறைநிலையை ஒட்டிய ஈரப்பனியில் அந்த விகிதம் ஐந்துக்கு ஒன்றாகவும் குறையும். கடுங்குளிரில் விழும் உலர்ந்த பனியில் இருபதைத் தாண்டவும் செய்யும். மேலும், சில வரைபடங்கள் சிறு பனிக்கட்டி மணிகளாக விழுவதையும் பனியாகவே கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன. வெப்பநிலை சுழியம் டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும் புயலில் பத்துக்கு ஒன்று என்ற வரைபடத்தைப் பார்க்க நேர்ந்தால், அதில் உள்ள அளவைப் பாதியாகக் குறைத்துப் படிப்பது மிகையான எச்சரிக்கை அன்று.

பனி எப்படித் தப்பிப்போகிறது

ஏமாற்றத்தோடு வரும் மிகக் கசப்பான உணர்வு, யாரோ நம்மை ஏய்த்துவிட்டார்கள் என்பதே. காரணம் தெரிந்தால் அந்தக் கசப்பு பெருமளவு குறைகிறது. பனி தப்பிப்போகும் வழிகள் எண்ணிறந்தவை அல்ல. திரும்பத்திரும்ப ஒருசில காரணங்களே வருகின்றன. நடந்த புயல்களை வைத்தே அவற்றைப் பார்க்கலாம்.

2015 ஜனவரி 26, 27 தேதிகளில் நியூயார்க் நகரத்துக்கு 20 முதல் 30 அங்குலம் வரை பனி அறிவிக்கப்பட்டது. பனியை முன்னிட்டுச் சுரங்க ரயில் சேவையே நிறுத்தப்பட்டது. சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 9.8 அங்குலம். அதே புயல் பாஸ்டனில் 24.6 அங்குலத்தையும், மாசசூசெட்ஸின் வூஸ்டரில் 34.5 அங்குலத்தையும் கொட்டியது. புயல் வராமல் போகவில்லை. அதன் கனமான பனிப்பட்டையின் மேற்கு விளிம்பு எதிர்பார்த்ததைவிடக் கிழக்கே தள்ளி நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பரந்த ஒரு புயலில் எண்பது கிலோமீட்டர் விலகல் என்பது முன்னறிவிப்பு அறிவியலில் சிறிய பிழை. அந்த விளிம்பில் வாழ்பவருக்கு அதுவே எல்லாம். அன்றிரவே நியூ ஜெர்சியின் மவுண்ட் ஹோலி வானிலை அலுவலகத்தின் தலைவர் ட்விட்டரில் பொதுமக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். முன்னறிவிப்பாளர்களில் பலர் பனியின் மீது கொண்ட ஈர்ப்பால் அத்துறைக்கு வந்தவர்கள் என்பதை நினைவில் வைத்து, அவர்கள் மீது கோபத்தைக் கொட்டாமல் இருப்பது நம் கடமை என்று நான் கருதுகிறேன். அந்தப் புயலில் இன்னொரு பாடமும் உண்டு. அதற்கு முன்பு 2012இல் சாண்டிப் புயலைச் சிறப்பாகக் கணித்திருந்த ஐரோப்பிய மாதிரி இம்முறை நியூயார்க்குக்கு மிகையான பனியைக் காட்டியது. ஜிஎஃப்எஸ் உண்மைக்கு நெருக்கமாக இருந்தது. எந்த மாதிரிக்கும் விசுவாசியாக இருக்க வேண்டியதில்லை. நமக்குப் பிடித்த செய்தியைச் சொல்லும் மாதிரியே சரியான மாதிரி என்று மனம் முடிவுகட்டும்போது விழிப்பாக இருங்கள்.

2010 பிப்ரவரி 5, 6 தேதிகளில் ஃபிலடெல்ஃபியாவில் 28.5 அங்குலம் பனி விழுந்தது. அங்கிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர்கூடத் தொலைவில்லாத நியூயார்க் வெறுந்தரையோடு நின்றது. வடக்கிலிருந்து இறங்கிய வறண்ட காற்று, மேகத்திலிருந்து விழுந்த பனியைத் தரைக்கு வரும் முன்பே ஆவியாக்கிவிட்டது. ராடாரில் பனி தெரிந்தும் தரையில் ஒன்றும் விழாத கொடுமை இத்தகைய வடக்கு விளிம்புகளில் நேர்கிறது. ஆனால் அதே மாதத்தில் பத்தாம் தேதி ஒரு புயலும், 25, 26 தேதிகளில் இன்னொரு பெரும்புயலும் நியூயார்க்குக்கு வந்து, மாதம் முடிவதற்குள் சென்ட்ரல் பார்க்கில் மொத்தம் 36.9 அங்குலம் சேர்ந்து, அங்கு பதிவானவற்றிலேயே அதிகப் பனி விழுந்த மாதமாக அது ஆயிற்று. ஆறாம் தேதி காலையில் நியூயார்க்கின் பனி ஆர்வலர்களிடம் இதை யாராவது சொல்லியிருந்தால் ஒருவரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

2013 மார்ச் 6 அன்று வாஷிங்டனில் அரசு அலுவலகங்கள் மூடப்பட்டுப் பனிக்காகக் காத்திருந்தன; ஈரப்பதம் போதிய அளவு வந்தது, தரையை ஒட்டிய காற்று மட்டும் உறைநிலைக்கு மேலேயே நின்றது. நகரத்தில் மழை, மேற்கே வர்ஜீனியா மலைப்பகுதிகளில் கனத்த பனி. 2017 மார்ச் 14 அன்று நடந்தது இதிலிருந்து வேறுபட்டது: தரையில் குளிர் இருந்தும், ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் கடலிலிருந்து புகுந்த வெப்பக்காற்று அடுக்கு விழும் பனியை உருக்கி, நியூயார்க் நகரில் அதைச் சிறு பனிக்கட்டி மணிகளாக மாற்றியது. சென்ட்ரல் பார்க்கில் 7.6 அங்குலத்தோடு அது முடிந்தது; அதே மாநிலத்தின் உட்பகுதியில் உள்ள பிங்காம்டனிலோ இரண்டரை அடிக்கு மேல் குவிந்தது. கடற்கரையை ஒட்டி வாழ்பவர்கள் தரை வெப்பநிலையோடு நின்றுவிடாமல், மேலடுக்கு வெப்பநிலையையும் பார்க்கப் பழக வேண்டும் என்பதற்கு இது போதுமான சான்று.

இவை தவிர, புயலின் மையத்தை நோக்கி வறண்ட காற்று சுழன்று நுழைந்து பனியைப் பாதியில் நிறுத்துவதும், இரண்டு கனத்த பனிப்பட்டைகளுக்கு நடுவே காற்று கீழிறங்கும் ஒடுங்கிய பகுதியில் நம் ஊர் மாட்டிக்கொள்வதும் உண்டு. ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு பொய்த்த புயலுக்கும் அது எந்த வழியில் பொய்த்தது என்று இரண்டு வரி எழுதிவாருங்கள். சில குளிர்காலங்களுக்குப் பிறகு உங்கள் ஊருக்கே உரிய பலவீனம் எது என்று தெரிந்துவிடும். அடுத்த முறை எல்லா வரைபடங்களும் கொண்டாடும்போதும், எங்கே கவலைப்பட வேண்டும் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

அதே குறிப்பேட்டில் எதிர்பாராமல் கிடைத்த பனிகளையும் எழுதுங்கள். நம் நினைவு இழப்புகளை மட்டுமே சேமித்துவைக்கும் இயல்புடையது. 2000 ஜனவரி 24, 25 தேதிகளில் வட கரோலினாவின் ராலியில் 20 அங்குலத்துக்கு மேல் விழுந்த பனியை முந்தைய நாள் வரை மாதிரிகள் காட்டவில்லை. 2016 ஜனவரியில் நியூயார்க்குக்குத் தொடக்கத்தில் சொல்லப்பட்டது மிகக் குறைந்த அளவு, விழுந்ததோ 27.5 அங்குலம், 1869இல் தொடங்கிய பதிவுகளில் ஒரே புயலில் விழுந்த மிக அதிகமான பனி. முன்னறிவிப்பின் பிழை இரண்டு பக்கமும் சாயும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால்

பள்ளி விடுமுறையை எதிர்பார்க்கும் குழந்தைகளிடம் இரண்டு நாட்களுக்கு முன்பாகப் பனியைப் பற்றி உறுதியாகப் பேசாதீர்கள். கேட்டால், பனி விழலாம், விழாமலும் போகலாம், நாளை மறுபடி பார்ப்போம் என்று சொல்லி, பார்ப்பதில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெப்பமானியைப் படித்து வருவதும், எத்தனை அங்குலம் விழும் என்று வீட்டில் ஒவ்வொருவரும் ஊகித்துத் தாளில் எழுதுவதும் அவர்களுக்குப் பிடிக்கும். சுழியம் என்று ஊகிக்கும் ஒருவரும் அந்தத் தாளில் இருக்கட்டும். அப்போது பனி விழாமல் போனாலும் வீட்டில் ஒருவர் வெற்றிபெற்றிருப்பார். ஏமாற்றம் நேர்ந்துவிட்டால், இதற்கெல்லாமா அழுவது என்று கடிந்துகொள்ளாமல், உங்களுக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுவது அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

பனி விழாத அந்த நாளில்

அறிவிப்பு கைவிடப்பட்டது என்று உறுதியானதும் வரைபடங்களை மூடிவிடுங்கள். கடைசி நேரத்தில் புயல் திரும்பிவரும் என்று ஒவ்வொரு மணிநேரக் கணிப்பையும் புதுப்பித்துக்கொண்டிருப்பது ஏமாற்றத்தைப் பல தவணைகளில் அனுபவிப்பதற்கு ஒப்பானது. பனி விழுந்த ஊர்களின் படங்களையும் அன்று பார்க்க வேண்டாம். இரண்டு நாட்கள் கழித்துப் பார்த்தால் அவற்றை அழகாகவே ரசிக்க முடியும். அங்கே உங்கள் நண்பர் யாராவது இருந்தால், அவருக்கு வாழ்த்துச் சொல்லுங்கள். அடுத்த புயலின் விளிம்பு உங்கள் பக்கம் சாயும்போது அவர் உங்களுக்குச் சொல்வார்.

விழுந்தது அரை அங்குலமே ஆனாலும் அதை முறையாக அளந்துபாருங்கள். வெள்ளை வண்ணம் பூசிய, சுமார் 40 சென்டிமீட்டருக்கு 60 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு பலகையை, கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் விலகிய திறந்த இடத்தில் வைத்து, பத்தில் ஒரு அங்குலத் துல்லியத்தில் அளக்க வேண்டும். பலகையை ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் துடைக்கக்கூடாது, ஏனெனில் அடிக்கடி துடைத்து அளந்து கூட்டினால் உண்மையைவிட அதிக அளவு வந்துவிடும். 1997இல் ஃபோர்ட் காலின்ஸில் ஏற்பட்ட வெள்ளத்தை அடுத்து 1998இல் கொலராடோவில் தொடங்கப்பட்ட கோகோராஸ் என்ற தன்னார்வ வலையமைப்பில், மழையையும் பனியையும் வீட்டிலிருந்தே அளந்து நாள்தோறும் அனுப்புகிறார்கள். அங்கே சுழியம் என்று வரும் அறிக்கைக்கும் மதிப்பு உண்டு. பனி எங்கே நின்றது என்ற எல்லைக்கோட்டை வரைய அதுவே உதவுகிறது. வெறுங்கையாக நின்ற நாளிலும் நாம் அனுப்பும் எண் அடுத்த முன்னறிவிப்பைச் சரிபார்ப்பவர்களுக்குப் பயன்படுகிறது என்பது உண்மையான ஆறுதல்.

சில துளிப் பனி மட்டுமே பறக்கும் நாட்களில், பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு சிறு லென்ஸையும், வெளியே வைத்துக் குளிரச்செய்த ஒரு கறுப்புத் துணியையும் எடுத்துக்கொண்டு வெளியே செல்லுங்கள். வெர்மான்ட்டின் ஜெரிகோவில் வாழ்ந்த வில்சன் பென்ட்லி 1885இல் முதல் பனிப்படிகத்தைப் படம்பிடித்து, வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். ஜப்பானின் உகிசிரோ நகாயா 1936இல் ஆய்வுக்கூடத்தில் செயற்கைப் பனிப்படிகத்தை உருவாக்கி, எந்த வெப்பநிலையிலும் ஈரப்பதத்திலும் எந்த வடிவம் தோன்றுகிறது என்று வகைப்படுத்தினார். மேகத்தில் வெப்பநிலை மைனஸ் 15 டிகிரி செல்சியஸை ஒட்டியிருந்தால் கிளைகள் விரிந்த ஆறுமுனை நட்சத்திரங்களும், மைனஸ் 5 டிகிரியை ஒட்டியிருந்தால் ஊசிகளும் தூண்களும் உருவாகின்றன. துணியில் விழுந்த படிகத்தின் வடிவத்தைப் பார்த்தே மேலே மேகத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். இதற்கு இரண்டடிப் பனி தேவையில்லை. கனத்த புயலில் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டும் உடைந்தும் விழுவதால், அமைதியான சிறு தூறலே இதற்கு ஏற்றது.

ஏமாற்றம் ஒரு நாளோடு நில்லாமல், வாரக்கணக்கில் எதிலும் நாட்டமின்மையாகவும் தூக்கக் கோளாறாகவும் தொடர்ந்தால், அதற்குப் பனியை மட்டும் காரணமாக்கிவிடாமல் மருத்துவரிடம் பேசுங்கள். பகல் குறைந்த குளிர்கால மாதங்களில் பருவகால மனச்சோர்வு பலருக்கு வருகிறது; அதற்குச் சிகிச்சை உண்டு.

பனியே இல்லாத பருவங்கள்

ஒரு புயல் பொய்ப்பது வேறு, ஒரு பருவமே பொய்ப்பது வேறு. சென்ட்ரல் பார்க்கில் 2022 பிப்ரவரிக்குப் பிறகு ஒரே நாளில் ஓர் அங்குலப் பனி விழ 2024 ஜனவரி வரை, 701 நாட்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட 2022-23 குளிர்காலம் முழுவதும் அங்கே விழுந்தது 2.3 அங்குலம், பதிவுகளிலேயே மிகக் குறைவு. புவி வெப்பமாவதால், குளிர்கால வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே இருக்கும் இடங்களில் முன்பு பனியாக விழுந்திருக்கக்கூடியது மழையாக விழும் வாய்ப்பு கூடுகிறது. இதைப் பனியை நேசிப்பவர்கள் தங்களிடமிருந்தே மறைத்துக்கொள்ளக்கூடாது. தனியொரு புயல் பொய்த்ததற்கு இதைக் காரணமாகச் சொல்ல முடியாவிட்டாலும், எல்லைப் பகுதிகளில் வாழ்பவர்கள் தங்கள் எதிர்பார்ப்பைப் பழைய குளிர்காலங்களின் நினைவிலிருந்து அமைத்துக்கொண்டால் வருத்தமே மிஞ்சும். அதே வேளையில், வெப்பமான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும் என்பதால், குளிர் போதுமானதாக அமையும் அரிய நாட்களில் பெரும்புயல்கள் வருவதற்கு இன்னும் இடமுண்டு.

ஆகவே உங்கள் ஆண்டின் பனியை உங்கள் ஊரின் வானத்திடம் மட்டுமே ஒப்படைத்துவிடாதீர்கள். வசதி உள்ளவர்கள், பனி ஏறக்குறைய உறுதியாகக் கிடைக்கும் இடத்துக்கு ஆண்டில் ஒரு பயணத்தைத் திட்டமிடலாம். நியூயார்க் மாநிலத்தில் ஒன்டாரியோ ஏரிக்குக் கிழக்கே உள்ள டக் ஹில் மேட்டுநிலத்தில் ஏரியின் ஈரத்தைச் சுமந்துவரும் குளிர்க்காற்று மீண்டும் மீண்டும் பனியைக் கொட்டுகிறது. சைபீரியக் குளிர்க்காற்று ஜப்பான் கடலைக் கடந்துவந்து இறங்கும் ஹொக்கைடோவில், சப்போரோ போன்ற ஒரு பெருநகரத்திலேயே ஒரு பருவத்தில் ஐந்து மீட்டரை நெருங்கும் பனி விழுகிறது. இவ்விடங்களின் பனி ஒற்றைப் புயலின் பாதையை நம்பி இருப்பதில்லை. குளிர்க்காற்று நீரின் மேல் வீசும் ஒவ்வொரு முறையும் பனிக்கு வாய்ப்பு உண்டு. பயணத் தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது ஆண்டு மொத்தப் பனியைப் பார்க்காமல், அந்த மாதத்தில் தரையில் வழக்கமாக நிற்கும் பனியின் ஆழத்தைப் பாருங்கள். முன்பதிவைக் கட்டணமின்றி மாற்றிக்கொள்ளும் வசதியோடு செய்துகொள்ளுங்கள். ஏனெனில் பெரும்பனி விழும் நாளில் அங்கு செல்லும் விமானங்களும் சாலைகளும் நிறுத்தப்படக்கூடும்.